டெல்டாவில் ஒரு மடக்குக் கத்தி: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா, வாங்கிய பிறகு எப்படிப் பராமரிப்பது?

முதல்முறையாக ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது எந்த ஸ்டீல் நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் ஊர் எது, அந்தக் கத்தி தினமும் எதை வெட்டப்போகிறது, வெட்டி முடித்த கையோடு துடைத்து வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? திருவையாறு பக்கம் வாழைத் தோட்டத்தில் காலையில் இலை அறுக்கிறவருக்குச் சரியாக வருகிற கத்தி, வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கையில் கொஞ்ச நாளிலேயே புள்ளி புள்ளியாகத் துருவேறிவிடும். இரண்டும் டெல்டாதான், ஆனால் காற்று வேறு, தண்ணீர் வேறு.

இது புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுவது. ஏற்கெனவே பத்து கத்தி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும், அவர்கள் நேராகத் தீட்டும் பகுதிக்குப் போகலாம்.

முதலில் கத்தியின் அமைப்பு

பழைய பாணி மடக்குக் கத்திகள் பெரும்பாலும் மூன்று விதம். ஒன்று, முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும், அலகைத் திறந்தாலும் மூடினாலும் அந்த ஸ்பிரிங்தான் அழுத்திப் பிடிக்கும், ஆனால் பூட்டு கிடையாது. நம் ஊரில் பேனாக்கத்தி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் சின்னக் கத்திகளும் இந்த வகை. இரண்டாவது, மரக் கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், அலகைத் திறந்த பிறகு அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. பிரான்சின் ஒபினெல் கத்தி இப்படி. 1890 முதல் அதைச் செய்கிறார்கள், வளையப் பூட்டு 1955இல் வந்தது. மூன்றாவது, ஸ்பிரிங்கும் இல்லை பூட்டும் இல்லை, கீல் ஆணியின் இறுக்கம் மட்டும்தான். ஜப்பானின் ஹிகோனோகாமி அந்த வகை, அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.

புதியவருக்கு நான் சொல்வது வளையப் பூட்டு உள்ளதைத்தான். விரல் பத்திரம், கழுவுவதும் எளிது, அதே அளவுக் கத்தி கார்பனிலும் கிடைக்கும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் கிடைக்கும். ஒபினெல்லின் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., கைக்கு அடக்கமான அளவு.

வாங்கும்போது ஸ்டீல் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அலகு கைப்பிடியின் காடிக்குள் நடுவில் உட்கார்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் வேண்டாம். திறந்து வைத்து அலகை இரண்டு விரலால் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. அப்புறம் அலகை முதுகிலிருந்து வெட்டும் ஓரமான வாய் வரைக்கும் பாருங்கள், முதுகில் தடித்து வாய் பக்கம் போகப்போக மெலிய வேண்டும். வாய்க்கு மேலேயே தடிமனாக இருக்கிற கத்தி எவ்வளவு விலை உயர்ந்த எஃகாக இருந்தாலும் மாங்காயைப் பிளக்கும், நறுக்காது. வெட்டுவதில் பாதி இந்த வடிவத்தில் இருக்கிறது.

கார்பன் என்றால் என்ன, ஸ்டெயின்லெஸ் என்றால் என்ன

இரண்டிலும் கார்பன் உண்டு. கார்பன் இல்லாவிட்டால் இரும்பைக் காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. கார்பன் ஸ்டீல் கத்தியில் பொதுவாக 0.6 முதல் 1 சதவீதம் வரை கார்பன் இருக்கும், மற்றபடி கிட்டத்தட்ட எல்லாம் இரும்பு. நம் பட்டறைகளில் லாரியின் பட்டை ஸ்பிரிங்கை அடித்து அரிவாள் செய்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஸ்டெயின்லெஸ்ஸில் கூடுதலாகக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்கும், கத்திகளில் 13, 14 என்று போகும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலமாக மேலே படிந்துகொள்கிறது, அதுதான் துருவைத் தடுக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இந்த மாதிரி எஃகை உருக்கிய பிறகுதான் சாப்பாட்டு மேசைக் கத்திகள் துருவேறாமல் இருக்க ஆரம்பித்தன.

காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்று கடைக்காரரே சொல்வார். பாத்திரத்துக்கு அது ஓரளவு சரி. கத்திக்குச் சரியில்லை. கெட்டிப்படுத்தக்கூடிய ஸ்டெயின்லெஸ் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும், கத்தி அலகு அந்த வகைதான். காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக நல்ல கத்தியைப் போலி என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, எவர்சில்வர் கத்தி வெட்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது சந்தையில் விற்ற மலிவான, சரியாகப் பதம் போடாத, அதாவது காய்ச்சித் தோய்த்து ஒழுங்காகக் கெட்டிப்படுத்தாத கத்திகளை. அதில் கூர் நிற்காதது உண்மை, ஆனால் காரணம் பதம்தான், குரோமியம் இல்லை. ஒழுங்காகப் பதம் போட்ட ஸ்டெயின்லெஸ் நன்றாகவே வெட்டும். விக்டோரிநாக்ஸ் தன் அலகுகளை ராக்வெல் அளவில் 55, 56 என்ற கெட்டியில்தான் வைக்கிறது, மிகவும் கெட்டி என்று சொல்ல முடியாது, இருந்தும் நூறாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் அந்தக் கத்தியை வைத்து வேலை நடக்கிறது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கல்லில். கார்பன் அலகைக் கல்லில் வைத்த உடனே பிடித்துக்கொள்ளும், சரசரவென்று ஒரே சீரான சத்தம் வரும், சீக்கிரம் பிசிர், அதாவது வாயோரம் மெல்லிய கம்பி மாதிரி ஒட்டி நிற்கும் உலோகம், எழும்பும், எழும்பிய பிசிர் சுலபமாக உதிரும். ஸ்டெயின்லெஸ்ஸில் பிசிர் எழும்பவும் நேரம் ஆகும், எழும்பியது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மடங்குமே தவிர உதிராது, அதை எடுப்பதற்குள் புதியவருக்குப் பொறுமை போய்விடும். தீட்டக் கற்றுக்கொள்ள ஆசை உள்ளவர் கார்பனில் ஆரம்பித்தால் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வாழைக் கறையும் உப்புக் காற்றும்

டெல்டாவில் கத்திக்கு இரண்டு சோதனை. இரண்டும் வேறு வேறு ஜாதி.

புதுக் கார்பன் கத்தியால் ஒரு வாழை இலையை அறுத்துப் பாருங்கள். காம்பிலிருந்து வடியும் பால் அலகில் படும்போது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பழுப்பாகும், பிறகு ஊதா கலந்த கருப்பாகும், துடைத்தால் ஈரம் போகும், நிறம் போகாது. புதியவர்கள் இதைப் பார்த்துத் துரு என்று பயந்து சபீனா போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்காதீர்கள். வாழைப் பாலில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய கருமை அது. பாக்கு, மாவடு, மாதுளம் தோல், கொய்யாக்காய் எல்லாம் இதையே செய்யும். தஞ்சாவூர் பக்கத்துக் கருப்பூர் கலம்காரித் துணியில் வருகிற கருப்பு நிறமும் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பிறப்பதுதான். இந்தக் கருமை அலகு முழுவதும் படிந்துவிட்டால் துரு ஏறுவது குறையும், பழம் நறுக்கும்போது வருகிற இரும்பு வாசனையும் குறையும். கருமை நல்லது. சிவப்பும் ஆரஞ்சும் கெட்டது. விரலால் தடவினால் கருமை வழவழப்பாக இருக்கும், துரு நறநறவென்று இருந்து விரலில் ஒட்டும்.

உப்புக் காற்று வேறு விதம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை, இந்தப் பக்கம் பூம்புகார், தரங்கம்பாடி என்று கடலோரம் முழுக்கக் காற்றிலேயே உப்பு வருகிறது, பல இடங்களில் நிலத்தடி நீரும் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு, கார்பனை நேராகத் துருவாக்கும். ஸ்டெயின்லெஸ்ஸின் அந்த மெல்லிய படலத்தையும் அங்கங்கே உடைத்து ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள் போடும். ஸ்டெயின்லெஸ் துருவே பிடிக்காது என்று நம்பி மீன் நறுக்கிய கத்தியைக் கழுவாமல் மடக்கி வைத்தால் கீலுக்குள்தான் முதலில் ஆரம்பிக்கும், நமக்குத் தெரிய வரும்போது தாமதமாகியிருக்கும்.

சரி, எதை வாங்குவது?

கடலோரத்தில் இருப்பவர், மீன் நறுக்குகிறவர், வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு எப்போதாவது எடுக்கிறவர், வீட்டில் பல கைகளுக்குப் போகப்போகிற கத்தி என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். எலுமிச்சை, மாங்காய் என்று புளிப்பு அதிகம் நறுக்குகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம்.

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, லால்குடி என்று உள்பகுதியில் இருந்துகொண்டு தினமும் கையில் எடுக்கிறவர், கொடிக்காலிலோ தோட்டத்திலோ கயிறு, நார், இலை, கிளை என்று வெட்டுகிறவர், மாலையில் உட்கார்ந்து தீட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறவர் கார்பன் வாங்குங்கள். தினமும் எடுத்தால் தினமும் துடைப்பீர்கள், தினமும் துடைக்கிற கத்தியில் துரு பிடிப்பதில்லை. கார்பன் கத்தி கெட்டுப்போவது பெரும்பாலும் மறந்து வைக்கப்பட்ட டிராயரில்தான், வெட்டும் இடத்தில் இல்லை.

இரண்டில் எது உசத்தி என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. துடைக்கிற கைக்குக் கார்பன், மறக்கிற கைக்கு ஸ்டெயின்லெஸ், இவ்வளவுதான் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வாங்கிய அன்று

தொழிற்சாலையில் பூசிய எண்ணெயோ மெழுகோ அலகில் இருக்கும். பாத்திரம் விளக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவிப் பழைய வேட்டித் துணியால் நன்றாகத் துடையுங்கள். மரக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, அலகை மட்டும் கழுவுங்கள். அப்புறம் கீலுக்கு ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, இருபது தடவை திறந்து மூடுங்கள். வெளியே கசியும் கருப்பு எண்ணெயைத் துடையுங்கள், அது உள்ளே இருந்த உலோகப் பொடி.

கார்பன் கத்தியாக இருந்தால் கருமையை நாமே ஏற்றிவிடலாம், ஏற்றாமல் வேலையிலேயே தானாகப் படிய விடுவதும் ஒரு வழி, எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், வாழையும் பாக்கும் போடுகிற திட்டுத் திட்டான நிறம் அழகு. ஆனால் மழைக்காலத்தில் வாங்கினால் காத்திருக்க வேண்டாம். அலகை மறுபடி சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவுங்கள், விரல் ரேகை பட்ட இடத்தில் கருமை பிடிக்காது. ஒரு டம்ளரில் வினிகரைச் சூடாக்கி ஊற்றி, அலகு மட்டும் மூழ்குகிற மாதிரி கத்தியை நிறுத்துங்கள், கைப்பிடியும் கீலும் வெளியே இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் வந்து, பிறகு அடர்ந்து கருக்கும். இருபது, முப்பது நிமிடம் போதும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கிப் புளிப்பை முறித்து, கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். வினிகரோடு திக்கான டீ டிகாஷன் சேர்த்தால் கருமை இன்னும் ஆழமாக வரும், டீயிலும் டானின் இருக்கிறதே. கூர் வாயில் புளிப்பு கொஞ்சம் அரித்திருக்கும், அதனால் இந்த வேலை முடிந்த பிறகு ஒருமுறை லேசாகத் தீட்ட வேண்டும்.

அன்றாடம்

வெட்டியதும் துடைப்பது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். புளிப்போ உப்போ பட்டிருந்தால் துடைத்தால் மட்டும் போதாது, நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரிலேயே ஒரு கை அள்ளி விடுங்கள். ஈரம் நிற்கிற இடம் அலகு இல்லை, கீலும் காடியும்தான். கத்தியைத் திறந்தபடியே நிழலில், காற்று படுகிற இடத்தில் வைத்துக் காய்ந்த பிறகு மடக்குங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று மொட்டை மாடியில் வைக்காதீர்கள், மரக் கைப்பிடி வெடிக்கும், கொம்புக் கைப்பிடி வளையும்.

காடிக்குள் சேரும் அழுக்கை எடுக்க ஈர்க்குச்சியை மிஞ்ச எதுவும் கிடையாது. தென்னை ஈர்க்கு ஒன்றை உடைத்து, நுனியை லேசாக நசுக்கி, மெல்லிய துணி நூலைச் சுற்றிக் காடிக்குள் விட்டு இழுங்கள். சட்டைப் பை பஞ்சு, பாக்குத் தூள், காய்ந்த வாழைப் பால் எல்லாம் திரண்டு வரும். இரும்புக் கம்பியோ ஊசியோ விட்டால் உள்ளே கீறல் விழும், அந்தக் கீறலில் துரு உட்காரும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. சாப்பாட்டுப் பொருள் வெட்டுகிற அலகுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும், அது சீக்கிரம் பிசுபிசுக்காது, வீட்டிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் பசையாகிவிடும், கீலில் விட்டால் கத்தி திறக்கவே அடம்பிடிக்கும். விளக்கெண்ணெய் மிகக் கெட்டி. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கிற கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவலாம், கெடவே கெடாது. கீலுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய். எதுவாக இருந்தாலும் சொட்டச் சொட்டத் தடவ வேண்டாம், துணியில் தொட்டுத் தடவி, அலகு லேசாக மினுங்கினால் போதும்.

தீட்டுவது

சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளையும் அரிவாள்மணையையும் கொடுங்கள், அவர்கள் கை அதற்குப் பழகிய கை. மடக்குக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். அலகு மெலிசு, சுற்றுகிற சக்கரத்தில் வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும். கார்பன் எஃகு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாரிக்கும், நீலம் பார்த்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடம் இனி கூர் நிற்காது. கையால் கல்லில் தீட்டினால் இந்தக் கவலையே இல்லை.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் கொரகொரப்பு, மறு பக்கம் நைஸ் என்று இரட்டைப் பக்கக் காரபரண்டம் கல் கிடைக்கும். ஆரம்பிக்க அது போதும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 கிரிட் உள்ள கல் ஒன்று வாங்குங்கள், எண் கூடக்கூடக் கல் நைஸ். கல்லுக்குத் தண்ணீர் விடுவதா எண்ணெய் விடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், எண்ணெய் குடித்த கல் மறுபடி தண்ணீரை ஏற்காது. நான் தண்ணீர்க் கட்சி, சுத்தம் செய்வது சுலபம். ஈரத் துணியை நாலாக மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது.

கோணம்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. ஒரு காகிதத்தின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது 90 டிகிரி. குறுக்காக ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5. அதற்குக் கொஞ்சம் கீழே, 20 டிகிரி, மடக்குக் கத்திக்குச் சரியான கோணம். அல்லது இப்படிப் பாருங்கள்: அலகின் அகலம் 2 செ.மீ. என்றால் வாய் கல்லைத் தொடும்போது முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 7 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நாலைந்து நாணயங்களை அடுக்கினால் வருகிற உயரம். அடுக்கி வைத்து ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டு நாணயங்களை எடுத்துவிடுங்கள். 20க்குப் பதில் 18 ஆனாலும் 22 ஆனாலும் கத்தி வெட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் மாறினால்தான் வெட்டாது.

கோணம் சரியா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி மார்க்கர் பேனா. அழியாத கருப்பு மார்க்கரால் வாயின் இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நுனி வரைக்கும் மை அழிந்திருந்தால் கோணம் சரி. மை மேல் பக்கம் மட்டும் அழிந்து, வாய் ஓரத்தில் மெல்லிய கருப்புக் கோடு மிச்சம் இருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். வாய் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் தூக்கியது அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

கொரகொரப்புப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில், கல்லிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றைச் சீவி எடுப்பதுபோல் முன்னால் தள்ளுங்கள். அலகு நுனியில் வளைகிற இடத்தில் கைப்பிடியைச் சற்றே உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுனி தீட்டப்படாமலே போகும். ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருங்கள், எண்ண வேண்டாம், பிசிர் எழும்பும் வரை. பிசிர் எழுந்ததா என்பதைக் கட்டைவிரலால், முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே தள்ளுகிற மாதிரி தடவிப் பார்க்க வேண்டும், வாயோடு நீளவாக்கில் ஒருநாளும் தடவாதீர்கள். தீட்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டிக்கொண்டிருப்பது விரலுக்குத் தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. ஒரு இடத்தில் தட்டுப்படவில்லை என்றால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம்.

புதியவர்களின் கத்தி கூராகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான். பிசிர் எழுவதற்கு முன்பே நைஸ் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள், பிறகு மணிக்கணக்கில் தேய்த்தாலும் வாய் இரண்டு பக்கமும் சந்திக்கவே சந்திக்காது. பொறுமை காட்ட வேண்டிய இடம் கொரகொரப்புப் பக்கம்.

எதிர்ப் பக்கத்தையும் அப்படியே தீட்டி, பிசிர் இந்தப் பக்கம் வந்ததும், நைஸ் பக்கத்துக்கு மாறி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி இழுப்புகளில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும். ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் இந்தக் கட்டத்தை இரண்டு மடங்கு செய்யுங்கள்.

முடிவில் தோல். சலூனில் சவரக் கத்தியை வாரில் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பலகையில் இழுத்துக் கட்டி, வாயைப் பின்னால் விட்டு, முதுகை முன்னால் விட்டு இழுங்கள். வாய் முன்னால் போனால் பெல்ட் அறுபடும். பச்சை நிற பாலிஷ் பேஸ்ட் கொஞ்சம் தடவிக்கொண்டால் பக்கத்துக்கு இருபது இழுப்பு தாராளம்.

சோதித்துப் பார்க்க நன்றாகப் பழுத்த தக்காளி. அழுத்தாமல், கத்தியைத் தோலின் மேல் வைத்து இழுத்தால் மட்டும் இறங்க வேண்டும். கொழுந்து வெற்றிலையை ஒரு கையில் தொங்கவிட்டு நறுக்கிப் பார்ப்பது இன்னும் கடினமான சோதனை, இலை மடங்காமல் அறுபட்டால் கத்தி நல்ல கூர். கையில் உள்ள முடியைச் சிரைத்துக் காட்டுவதெல்லாம் தேவையில்லாத வேலை.

இவ்வளவு முழுத் தீட்டல் அடிக்கடி வேண்டாம். வாரம் ஒருமுறை தோலில் பத்து இழுப்பு இழுத்து வந்தால் கல்லுக்குப் போவது அபூர்வம். கல் நடுவில் குழிந்துவிட்டால் சமமான சிமென்ட் தரையில் ஆற்று மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள், குழிந்த கல்லில் கோணம் நிற்காது.

துரு வந்துவிட்டால்

மேலோட்டமான சிவப்பு என்றால், சலித்த அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் எண்ணெய் குழைத்து, ஒரு கார்க்கால் தேய்த்தாலே போய்விடும். சாம்பல் கிடைக்காதவர்கள் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளலாம். செங்கல் பொடி வேண்டாம், கீறல் போடும். புளியோ எலுமிச்சையோ தேய்த்தால் துரு போகும், ஆனால் கூடவே கருமையும் போகும், உடனே கழுவாவிட்டால் புதுத் துரு கிளம்பும், அதனால் அது கடைசி வழி. குழி விழுந்துவிட்ட இடத்தைச் சமமாக்க முயலாதீர்கள், அலகுதான் மெலியும். துருவை எடுத்துவிட்டு எண்ணெய் தடவி வைத்தால் குழி அப்படியே இருக்கும், பரவாது.

கீல் இறுகித் திறக்கவில்லை என்றால் கீல் பக்கத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் மெதுவாக அசையுங்கள். மழையில் நனைந்து மரம் உப்பியதால் அலகு சிக்கிக்கொண்டிருந்தால் அதற்கு எண்ணெய் உதவாது, இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள், தானாக விடும். ஒபினெல் வைத்திருப்பவர்கள் வளையத்தைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டுவார்கள், அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும்.

ஐப்பசி, கார்த்திகை

அடைமழைக் காலம்தான் கத்திகளுக்குக் கெட்ட காலம். நாள் கணக்கில் வெயிலே இல்லை, சுவரெல்லாம் ஓதம், பீரோவுக்குள் துணியே பூசணம் பூக்கிறது, கத்தி மட்டும் தப்புமா? பயன்படுத்தாத கத்திகளைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில், மாத்திரை டப்பாக்களிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், முக்கியமாகக் கீலையும் முதுகு ஸ்பிரிங்கின் இடுக்கையும். மரக் கைப்பிடிக்கு மழைக்கு முன்பே, புரட்டாசியில், ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு கை தேய்த்துக் காய விட்டால் தண்ணீர் அவ்வளவாக ஏறாது.

செய்யக் கூடாதவை, சுருக்கமாக

மடக்குக் கத்தியால் இளநீர் சீவ வேண்டாம், தேங்காய் கீற வேண்டாம், பெயின்ட் டின் நெம்ப வேண்டாம். நுனி ஒடிவது இப்படித்தான். பூட்டு இல்லாத கத்தியால் குத்துகிற வேலை எதுவும் செய்யாதீர்கள், அலகு விரல் மேல் மடங்கும். மூடும்போது விரல்கள் காடியின் குறுக்கே இருக்கக் கூடாது. குழந்தைகள் எடுக்காத இடத்தில் வைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஆயுதமாக வகைப்படுத்துவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை சேராது. 8 செ.மீ. கத்தி அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அதைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்கின் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

நாள்பட்டுக் கீல் ஆணி தளர்ந்து அலகு ஆட ஆரம்பித்தால் தூக்கிப் போடாதீர்கள். ரிவெட் அடித்த கத்தியாக இருந்தால், ஆணியின் ஒரு தலையைக் கனமான இரும்பின் மேல் வைத்து, மறு தலையைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்ட வேண்டும், இரண்டு தட்டு தட்டி ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும், அதிகம் தட்டினால் இறுகிவிடும். கை நடுங்கினால் பக்கத்துப் பட்டறை ஆசாரியிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். இறுகிப்போனால் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முப்பது, நாற்பது முறை திறந்து மூடினால் வழிக்கு வரும்.